ஐப்பசி மழையும் கண்மாய்க்கரை நடையும்

ஐப்பசியில் நாலு மழை சேர்ந்தாற்போல விழுந்துவிட்டால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் டீக்கடைகளில் அரசியலும் சினிமாவும் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளும். "கம்மாய்க்குத் தண்ணி வந்துருச்சாண்ணே?" "வந்துக்கிட்டுதான் இருக்கு. இன்னும் ஒரு மழை பெஞ்சா மறுகால் போயிரும்." இந்தப் பேச்சு தொடங்கிய நாளிலிருந்து மார்கழி முடியும்வரை, இந்த இரண்டு ஊர்களிலும் காலாற நடப்பதற்கு இதைவிடத் தோதான பருவம் இல்லை.

இலையுதிர்காலம் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது காலண்டர் படங்களில் பார்த்த செம்மஞ்சள் மரங்கள். ஜப்பானில் சிவந்த மேப்பிள் இலைகளைப் பார்ப்பதற்கென்றே குடும்பம் குடும்பமாக மலைப்பக்கம் கிளம்புகிறார்கள். அந்த நாடுகளில் மரங்கள் இலை உதிர்க்கக் காரணம் சுருங்கும் பகலும் கூடும் குளிரும். லண்டனில் ஜூன் மாதத்துப் பகல் பதினாறரை மணி நேரம். டிசம்பரில் அது எட்டு மணி நேரத்துக்கும் கீழே போய்விடும். வெளிச்சம் குறையக் குறைய இலையிலுள்ள பச்சையம் சிதைந்து, அதற்குள் மறைந்திருந்த மஞ்சள் நிறம் வெளியே தெரிகிறது.

நிலநடுக்கோட்டுக்கு ஒன்பதரை டிகிரி வடக்கே இருக்கும் ராஜபாளையத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். இங்கே மரங்கள் இலையைக் கொட்டுவது தண்ணீர்ப் பஞ்சத்தால். மலையடிவாரக் காடுகள் மாசி, பங்குனியில்தான் மொட்டையாகும். அக்டோபர், நவம்பரில் நடப்பது நேர் எதிரானது: கோடை முழுக்கப் பழுப்பாகக் கிடந்த அடிவாரம் சில நாள் மழையிலேயே பச்சை கட்டிவிடும். ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்த பழந்தமிழர் ஐப்பசி, கார்த்திகை இரண்டையும் கூதிர்காலம் என்று தனியே வைத்தார்கள். மற்ற நாட்டார் உதிர்வதைப் பார்க்கப் போகும் அதே மாதங்களில் இந்த ஊர்க்காரர்கள் துளிர்ப்பதைப் பார்க்க நடக்கிறார்கள்.

இதற்கெல்லாம் காரணம் மேற்கே நிற்கும் மலை. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலை கேரளப் பக்கமே இறக்கிவிடுகிறது. மலைக்குக் கிழக்கே உள்ள விருதுநகர் மாவட்டம் மழை மறைவுப் பகுதி. அந்த மாதங்களில் இங்கே காற்றும் தூசியுமே மிச்சம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும்போதுதான் நிலைமை மாறும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதியைத் தருவது இந்த மூன்று மாதம்தான். வங்கக் கடலிலிருந்து வரும் மேகம் மலையில் முட்டிக் கொட்டுகிறது. கொட்டியது ஓடைகளில் இறங்கிக் கண்மாய்களுக்கு வருகிறது.

கண்மாய் என்பது இந்தப் பகுதியில் வெறும் குளமில்லை, ஒரு சங்கிலியின் கண்ணி. மேலே இருக்கும் கண்மாய் நிறைந்ததும் கலிங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். அது நிறைந்து அதற்கடுத்ததற்கு. மடை திறந்தால் வயலுக்குத் தண்ணீர். ஸ்ரீவில்லிபுத்தூரின் பெரியகுளம் கண்மாய் போன்ற பெரிய ஏரிகளின் கரை, வண்டித் தொல்லை இல்லாத நல்ல நடைபாதை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் நடவு வயல், மேற்கே மேகம் இறங்கிய மலை. ஊருக்குள் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆண்டாள் கோயிலின் பதினொரு நிலை ராஜகோபுரம் கண்ணில் படும். 192 அடி உயரம் கொண்டது அது.

கரையில் நடப்பவர்களுக்கு வெளிநாட்டு விருந்தாளிகளும் துணை. இமயத்துக்கு அப்பாலிருந்து வரும் வாலாட்டிக் குருவி ஈர மண்ணில் வாலை மேலும் கீழும் ஆட்டியபடி பூச்சி பொறுக்கும். மத்திய ஆசியாவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் கிளம்பும் சோளக்குருவிகள் சாயங்காலம் பெருங்கூட்டமாகச் சுழன்று அடையப்போகும். அரிவாள் மூக்கனும் நீர்க்காகமும் கொக்கும் உள்ளூர்க்காரர்கள்.

எந்த வழியில் நடப்பது என்பதை இங்கே மண்தான் தீர்மானிக்கிறது. கிழக்கே போகப் போகக் கரிசல். மழை விழுந்த கரிசலில் பத்தடி வைத்தால் செருப்பின் அடியில் களி அப்பிக்கொண்டு கால் கனக்கும். பழகியவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார்கள். தண்ணீரை உறிஞ்சி உப்பும் களிமண் அது. அந்த ஈரத்தை நம்பித்தான் மானாவாரிக் காடுகளில் சோளம், கம்பு, குதிரைவாலி, உளுந்து, பருத்தி எல்லாம் விதைக்கிறார்கள். மேற்கே மலையடிவாரம் செம்மண்ணும் சரளையும். மழை விட்ட ஒரு மணி நேரத்தில் அங்கே தண்ணீர் வடிந்துவிடும். அதனால் மழைநாள் நடை பெரும்பாலும் மேற்கு நோக்கியே இருக்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மேற்கே போனால் செண்பகத்தோப்பு. வழியில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும், முடிவில் காடு. காட்டுக்குள்ளே காட்டழகர் கோயில். இந்த மலைப்பகுதி 1988இல் சாம்பல் நிற மலை அணிலுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தென்னிந்தியாவின் சில மலைக்காடுகளை விட்டால் இலங்கையில்தான் இந்த அணிலைப் பார்க்கலாம். வீட்டு முருங்கையில் ஓடும் அணிலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது அதிர்ச்சி தரும். வாலோடு சேர்த்தால் ஏறத்தாழ இரண்டரை அடி நீளம். தரையில் இறங்க விரும்பாது. கிளையோடு கிளை பின்னிக்கிடக்கும் காடுதான் அதற்குச் சாலை. நடுவில் சில மரங்களை வெட்டினால்கூட அதன் பாதை அறுந்துவிடும். 2021 பிப்ரவரியில் இந்தச் சரணாலயமும் மேகமலையும் சேர்ந்து நாட்டின் 51ஆவது புலிகள் காப்பகமாயின. ஆகவே காட்டுக்குள் வனத்துறை அனுமதித்த இடத்தோடு நின்றுகொள்ள வேண்டும். வேலியோரமும் ஓடைக்கரையுமே நடப்பதற்குப் போதும்.

அந்த வேலியோரத்தில் இந்தப் பருவத்தில் நின்று பார்க்க வேண்டிய ஒன்று உண்டு: கார்த்திகைப் பூ என்று ஊரார் சொல்லும் செங்காந்தள், தமிழ்நாட்டின் மாநில மலர். மழைக்குப் பிறகு கிழங்கிலிருந்து கொடி எழும்பும். ஒவ்வொரு இலையின் நுனியும் சுருண்டு கொக்கியாகி, கிடைத்த முள்ளையோ கம்பியையோ பிடித்துக்கொண்டு மேலே ஏறும். மொட்டு பச்சை. விரிந்ததும் ஆறு இதழ்களும் பின்னோக்கி மேலே மடங்கிக்கொள்ளும், விளிம்பெல்லாம் நெளிவு. முதலில் அடி மஞ்சள், நுனி சிவப்பு. நாள் போகப் போகச் சிவப்பு கீழே இறங்கி மஞ்சளை விழுங்கிவிடும். ஒரே கொடியில் பச்சை மொட்டும், இருநிறப் பூவும், முழுச் சிவப்பும் சேர்ந்து நிற்பதைப் பார்க்கலாம். மேப்பிள் இலை காட்டும் நிறமாற்றம் அத்தனையும் இந்தப் பூவில் இருக்கிறது. கிழங்கு கொடிய நஞ்சு. பிள்ளைகளைத் தொடவிடக் கூடாது.

ராஜபாளையத்துக்காரர்களுக்கு மேற்குத் திசை என்றால் முடங்கியாறு சாலை. நகரத்துக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கமும், அதைத் தாண்டி நீர்காத்த அய்யனார் கோயிலும் அந்த வழியில்தான். ஆற்றில் தண்ணீர் வந்த செய்தி கிடைத்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு குடும்பங்கள் கிளம்பும். ஊருக்குக் கிழக்கே உள்ளவர்களுக்குச் சஞ்சீவி மலை இருக்கிறது. காலைநடைக்கு வருகிறவர்கள் சிலரோடு ஊரின் பெயரையே தாங்கிய நாயும் வரும்: பால்வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, நீண்ட கால். இந்திய நாயினங்களுக்காக 2005இல் அஞ்சல் துறை வெளியிட்ட தபால்தலைகளில் ராஜபாளையம் நாயும் இடம்பெற்றது.

மலைத் தண்ணீரை நம்பவும் கூடாது. அடிவாரத்தில் வெயிலடிக்கும்போதே உச்சியில் மழை கொட்டி ஓடை திடீரென்று பெருகும். 2015 மே மாதம் சதுரகிரி மலையில் அப்படி வந்த வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தார்கள். கனமழை அறிவிப்பு வந்தால் மலைக்கோயில்களுக்குப் போக வனத்துறை தடை விதிப்பது அதனால்தான். அன்றைக்கு ஊர்க்கரையிலேயே நடந்துவிட்டு வருவதுதான் சரி.

நடந்து திரும்பினால் வீடு. இந்தப் பருவத்தின் இன்பத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. கோடையில் மொட்டைமாடியில் காய்ந்த வடகமும் மோர்மிளகாயும் மழைநாளில் எண்ணெய்ச் சட்டிக்கு வரும். கொள்ளு ரசம், தூதுவளைத் துவையல், கருப்பட்டி போட்ட சுக்கு மல்லி காபி என்று அடுப்படியின் மணமே மாறிவிடும். துணி காயாமல் வீட்டுக்குள் கொடி கட்டுவதும், திண்ணையில் செருப்பு வரிசை ஈரமாகக் கிடப்பதும் இந்த மாதங்களின் அன்றாடம். தீபாவளி ஐப்பசியில் வரும். வெடிக்குப் பெயர்போன சிவகாசி பக்கத்து ஊர். கார்த்திகை தீபத்தன்று வாசலில் அகல்விளக்கு வரிசையும் கோயில் முன்னால் சொக்கப்பனையும்.

மழையில் புல் முளைத்தால் மாட்டுக்குப் பசுந்தீவனத்துக்குக் குறைவில்லை. பால்தான் ஸ்ரீவில்லிபுத்தூரின் பெயரை எட்டுத்திசைக்கும் கொண்டுபோனது. பாலும் சர்க்கரையும் தவிர வேறெதுவும் சேராத பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பத்து லிட்டர் பாலுக்கு ஒன்றேகால் கிலோ சர்க்கரை என்பது பட்டறைகளின் கணக்கு. அகன்ற இரும்பு வாணலியில் பால் சுண்டச் சுண்ட, நீண்ட கரண்டியால் அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். விறகோடு முந்திரிக் கொட்டையின் ஓட்டையும் எரிப்பார்கள். மழைச்சாரல் அடிக்கும் சாயங்காலத்தில் சூடாக இறக்கிய பால்கோவாவை இலையில் வாங்கிச் சாப்பிட்டவர்களுக்கு, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தது ருசிப்பதில்லை.

எல்லார் வீட்டிலும் மழை சந்தோஷம் மட்டும் தருவதில்லை. ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கின்றன. நூலும் துணியும் வெயிலில் காய வேண்டும். தொடர்மழை என்றால் வேலை நின்று கூலி குறையும். சிவகாசி வட்டாரத்துப் பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர்களுக்கும் இதே கவலை. 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கி ஊரை நூற்பாலை நகரமாக்கினார் பி.ஏ.சி. ராமசாமி ராஜா. கூரைக்குள் ஓடும் நூற்பாலைக்கு மழை தடையில்லை. அதிகாலை ஷிப்ட்டுக்குக் குடை பிடித்துச் செல்கிறவர்களும் இந்தப் பருவத்து நடையாளர்கள்தான்.

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் திருவண்ணாமலை என்னும் ஊரிலுள்ள சீனிவாசப் பெருமாள் கோயிலுக்குச் சுற்றுக் கிராமங்களிலிருந்து கூட்டம் கூட்டமாக மலையேறுவதில் தொடங்கும் இந்த நடைப்பருவம், மார்கழியில் ஆண்டாளின் வீட்டில் வந்து சேர்கிறது. பகல்பத்து உற்சவத்துக்கு முந்தைய நாள் ஆண்டாள், பெரியாழ்வார் வம்சத்தினரான வேதபிரான் பட்டர் திருமாளிகைக்கு எழுந்தருள்கிறாள். பிறந்த வீட்டுக்கு வரும் மகளை வரவேற்க, அந்த வீட்டில் கத்தரி, பூசணி, கீரை, கரும்பு, வாழை என்று அந்தப் பருவத்துக் காய்கனிகளைப் பரப்பிவைக்கிறார்கள். பச்சை பரப்புதல் என்று அதற்குப் பெயர். ஐப்பசி மழையில் விளைந்தது, மார்கழியில் ஒரு வீட்டு வாசலை நிறைக்கிறது.

இத்தனைக்கும் அடிப்படை கண்மாயும் ஓடையும் என்பதால் அவற்றின் இன்றைய நிலையைச் சொல்லாமல் விட முடியாது. ஊரை ஒட்டிய ஓடைகளில் பிளாஸ்டிக் குப்பை அடைத்துக்கொண்டால் மழை பெய்தாலும் தண்ணீர் கண்மாய்க்கு வந்து சேராது. ஆகாயத்தாமரை மூடிய தண்ணீரில் பறவை இறங்காது. வரத்துக்கால்வாயை மழைக்கு முன்பே, ஆவணியிலேயே தூர்வார வேண்டும் என்பது விவசாயிகள் ஒவ்வோர் ஆண்டும் வைக்கும் கோரிக்கை. கரையில் நடக்கிறவர்களும் அந்தக் கோரிக்கைக்குக் குரல் கொடுத்தால் அதன் பலமே வேறு.

வெளியூரிலிருந்து வர நினைப்பவர்களுக்குச் சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸ் உண்டு. விடியும் வேளையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அடுத்து ராஜபாளையத்திலும் நிற்கும். இரண்டு ஊர்களுக்கும் இடையே சுமார் 12 கிலோமீட்டர்தான், டவுன் பஸ் நிறைய ஓடுகிறது. கார்த்திகை முதல் வாரம் வந்தால் செங்காந்தளும் நிறைந்த கண்மாயும் ஒருசேரக் கிடைக்க வாய்ப்பு அதிகம். குடை, பழைய ரப்பர் செருப்பு, குப்பையைத் திருப்பி எடுத்துவர ஒரு துணிப்பை இருந்தால் போதும். காலையில் கரைநடையை முடித்து, பத்து மணிக்குள் கோயிலைப் பார்த்துவிட்டால், மேகம் திரளும் பிற்பகலை உறவினர் வீட்டுத் திண்ணையில் கழிக்கலாம்.