சத்தமில்லாத ஜெனரேட்டர் வாங்குமுன்

கோடை நெருங்கும்போதெல்லாம், பெருநகரங்களில் குடியேறி வாழும் நம் குடும்பங்களில் ஒரே பேச்சு எழும்புகிறது: "இந்த வருஷமாவது ஒரு ஜெனரேட்டர் வாங்கிவிடலாமா?" நொய்டாவிலும் காஜியாபாத்திலும் மே, ஜூன் மாதங்களில் மின்சாரம் நின்றுபோனால் பிள்ளைகளைத் தூங்கவைப்பது பெரும்பாடு. பெங்களூருவில் ஒரு கோடைமழையில் மரக்கிளை முறிந்து விழுந்தால் தெரு முழுவதும் இருளில் கிடக்கிறது. 2012ஆம் ஆண்டு ஜூலை 30, 31 ஆகிய இரு நாட்களிலும் வட இந்திய மின்தொகுப்பு சரிந்ததையும், இரண்டாம் நாளில் கிழக்கு, வடகிழக்கு மாநிலங்களும் சேர்ந்து 60 கோடிக்கு மேற்பட்ட மக்கள் மின்சாரமின்றித் தவித்ததையும் தில்லியில் வாழ்ந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மின்வெட்டை அதிகம் அறியாத மும்பையும் 2020 அக்டோபர் 12 அன்று மணிக்கணக்கில் முடங்கியது. ஆகவே இந்தக் கேள்வி நியாயமானதே.

கடைக்காரர் இப்போது காட்டுவது, பழைய காலத்துக் கூச்சலிடும் இயந்திரம் அல்ல. சிறு பெட்டியைப்போலக் கைப்பிடியுடன் இருக்கும், பெட்ரோலில் ஓடும் 'இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்'. "சத்தமே இராது, வீட்டுக்குள் டிவி பார்த்துக்கொண்டே ஓட்டலாம்" என்று அவர் சொல்லுகிறார். அன்பான வாசகர்களே, ஆபத்து தொடங்குகிற இடம் அதுதான். கூச்சலிடும் இயந்திரத்தை யாரும் வீட்டருகே வைக்கமாட்டார்கள். அந்தச் சத்தமே அதைத் தூரத்தில் நிறுத்திவைத்தது. சத்தம் குறைந்த இயந்திரத்தையோ பால்கனிக்கும், மாடிப்படியின் அடிப்பகுதிக்கும், சமையலறைக்குப் பின்னுள்ள சிறு வெளிக்கும் கொண்டுவந்துவிடுகிறோம். சத்தம் குறைந்தது உண்மை. புகையிலுள்ள நஞ்சு அதனால் இல்லாமற்போகவில்லை.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுவோம். நம் வீடுகளில் 'இன்வெர்ட்டர்' என்றால் பேட்டரியோடு மூலையில் நிற்கும் பெட்டி என்றே பொருள். இன்வெர்ட்டர் ஜெனரேட்டரில் அப்படிப்பட்ட பேட்டரி கிடையாது. பெட்ரோல் தீர்ந்தால் அது நின்றுவிடும். பழைய வகை ஜெனரேட்டரில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் கிடைக்கவேண்டுமானால், எஞ்சின் பொதுவாக நிமிடத்திற்கு 3000 சுற்று என்ற வேகத்திலேயே ஓடியாகவேண்டும். ஒரே ஒரு விளக்கு எரிந்தாலும் அதே வேகந்தான், அதே இரைச்சல்தான். புதிய வகையோ, உற்பத்தியாகும் மின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்கி, பின்பு மின்னணுச் சுற்றின் மூலம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுமின்சாரமாக வடிவமைத்துத் தருகிறது. ஆகையால் தேவை குறையும்போது எஞ்சின் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ள முடிகிறது. சத்தக் குறைவுக்கும் பெட்ரோல் சிக்கனத்துக்கும் இதுவே காரணம். மின்னலையும் சீராக இருப்பதால் கணினி, கீபோர்டு போன்றவற்றை அச்சமின்றி இணைக்கலாம்.

எங்கே நிற்கப்போகிறது?

விலையையும் வாட்டையும் கேட்பதற்கு முன்னே இந்தக் கேள்வியைக் கேட்கவேண்டும் என்பது என் திட்டமான கருத்து. பெட்ரோல் எஞ்சினின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேலான வலிமையுடன் ஒட்டிக்கொள்ளுகிறது. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் ஆகியவை முதல் அறிகுறிகள். 'வெயிலின் கோளாறு' என்று நினைத்துப் படுத்துக்கொள்ளுகிறவர்கள் எழும்பாமலே போகக்கூடும். 2020 ஜனவரியில் நேபாளத்தின் டாமன் என்னுமிடத்தில், குளிருக்காக அடைத்த விடுதி அறையில் எரிவாயு ஹீட்டரை ஏற்றிவைத்து உறங்கிய கேரளத்தைச் சேர்ந்த 8 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் 4 பேர் குழந்தைகள். அங்கே இருந்தது ஜெனரேட்டர் அல்ல. ஆனாலும் மூடிய இடத்தில் எரிபொருள் எரியும்போது நேரிடுவது இதுவே.

அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், ஜெனரேட்டரை வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்புறம் நோக்கும்படி வைக்கவேண்டும் என்று சொல்லுகிறது. ஒரு சிறு ஜெனரேட்டர் நூற்றுக்கணக்கான கார்களுக்கு ஈடான கார்பன் மோனாக்சைடை வெளியிடக்கூடும் என்பதும் அதே ஆணையத்தின் எச்சரிக்கை. ஜன்னலைத் திறந்துவைத்தால் போதும் என்று எண்ணலாகாது. பால்கனி வெளிப்புறமாயிற்றே என்பதும் தவறான ஆறுதல். அங்கிருந்து புகை நம் அறைக்குள்ளும், மேல்வீட்டுக்காரரின் அறைக்குள்ளும் புகுந்துவிடும்.

இந்த 20 அடி நமக்கு எங்கே கிடைக்கும்? பெங்களூருவில் லிங்கராஜபுரத்திலோ அல்சூரிலோ, 30க்கு 40 அடி மனையில் இரண்டு மாடி எழுப்பி மூன்று குடும்பங்கள் வாடகைக்கு வாழும் வீட்டை நினைத்துப் பாருங்கள். சுவருக்கும் மதிலுக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கும் சந்துதான் இருக்கும். அதன் மறுபக்கத்தில் அடுத்த வீட்டின் படுக்கையறை ஜன்னல். அங்கே தரைமட்டத்தில் ஜெனரேட்டருக்கு இடமில்லை என்றே கொள்ளவேண்டும். வீட்டுக்காரர் சம்மதித்தால் மொட்டைமாடி ஒரு வழி. 2 கிலோவாட் வகை இயந்திரம் ஏறத்தாழ 20 முதல் 25 கிலோ எடையே உள்ளதால், இருவர் சேர்ந்து மேலே கொண்டுபோகலாம். மாடிப்படிக் கதவிலிருந்து இயன்றமட்டும் விலக்கி, அக்கம்பக்கத்து உயர்ந்த வீடுகளின் ஜன்னல்களையும் பார்த்து வைக்கவேண்டும். மழைக்காக ஓடும் இயந்திரத்தின்மேல் தார்ப்பாய் போர்த்தக்கூடாது. நாற்புறமும் திறந்த தகரக் கூரை வேண்டும். தாராவியைப்போல் வீடுகள் ஒட்டிநிற்கும் பகுதிகளிலும், அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் வாழ்வோருக்கு நான் ஒளிவுமறைவின்றிச் சொல்லுகிறேன்: வெட்டவெளி இல்லையென்றால் ஜெனரேட்டர் உங்களுக்குரிய பொருள் அல்ல. பேட்டரி இன்வெர்ட்டரோ, லித்தியம் பேட்டரியில் இயங்கும் பவர் ஸ்டேஷனோ வாங்குங்கள்.

வெட்டவெளி உள்ளவர்களும் படுக்கையறையில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரத்தை மாட்டுவது நலம். ஜெனரேட்டர் ஓடும்போது வீட்டில் இருவருக்கு ஒரே நேரத்தில் தலைவலி கண்டால் காரணம் தேடிக்கொண்டிராமல், எல்லாரையும் வெளியே கொண்டுவந்து 112க்கு அழையுங்கள்.

எவ்வளவு வாட் தேவை?

மூன்று சாதாரண மின்விசிறிகள் 225 வாட், எல்இடி விளக்குகள் 80, டிவியும் இணைய மோடமும் 90, ஃபிரிட்ஜ் 150 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 545 வாட்தான். ஆனால் ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் புறப்படும் கணத்தில் தன் வழக்கமான அளவைப்போல் பல மடங்கு இழுக்கும். அதற்கு இடம் விடவேண்டும். பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் 2200 என்று அச்சிட்டிருக்கும். அது சிறிது நேரம் தாங்கும் உச்ச அளவு. தொடர்ந்து தரக்கூடியது 1800 வாட் என்று உள்ளே சிறிய எழுத்தில் இருக்கும். கணக்குக்கு எடுக்கவேண்டியது அந்தச் சிறிய எழுத்தையே. இப்படிப்பட்ட இயந்திரம் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குப் போதுமானது. கீசர், இஸ்திரிப் பெட்டி, ஏசி ஆகியவற்றை மறந்துவிடவேண்டும். தண்ணீர் மோட்டாரையும் இதனோடு சேர்க்கவேண்டாம். 1 குதிரைத்திறன் மோட்டார் புறப்படும்போது இந்த இயந்திரத்தைத் திணறடித்துவிடும். 3 கிலோவாட் வகைக்குப் போனாலோ எடை 60 கிலோ வரை ஏறிவிடும். அதைச் சக்கரத்தில் தள்ளலாம், மாடிக்குத் தூக்க முடியாது.

வீட்டில் வயதான தாய் தகப்பன்மாருக்காக ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வைத்திருப்போர் இப்போது பலர். 5 லிட்டர் வகை சுமார் 350 வாட் எடுக்கும். ஆகவே அளவில் தடையில்லை. ஆனால் நள்ளிரவில் மின்சாரம் போனபின் ஒருவர் எழும்பி, மாடிக்கு ஓடி, கயிற்றை இழுத்து எஞ்சினை இயக்கும்வரை நோயாளி காத்திருக்க முடியுமா? இவர்களுக்கு முதலாவது தேவை, நிரப்பிவைத்த ஒரு ஆக்சிஜன் சிலிண்டர். இரண்டாவது, மின்சாரம் போனதும் தானாக ஏற்கும் பேட்டரி இன்வெர்ட்டர். ஜெனரேட்டர் மூன்றாவதாக வரட்டும்.

செலவையும் பார்ப்போம். இந்த அளவு இயந்திரத்தின் தொட்டியில் ஏறக்குறைய மூன்றரை லிட்டர் பெட்ரோல் பிடிக்கும். கால்பங்குச் சுமையில் 8 மணி நேரமும், முழுச் சுமையில் மூன்று, மூன்றரை மணி நேரமும் ஓடும். லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் ஒரு யூனிட் மின்சாரம் 60 முதல் 100 ரூபாய் வரை ஆகிறது. தினமும் இரண்டு மணி நேரம் மின்வெட்டு உள்ள ஊரில் இதை வாங்குவது வீண்செலவு. அங்கே 150 ஆம்பியர்-மணி பேட்டரியுள்ள இன்வெர்ட்டர் 300 வாட் சுமையை ஏறத்தாழ நான்கு மணி நேரம் சத்தமும் புகையுமின்றித் தாங்கும். பேட்டரியும் தீர்ந்துபோகும் நீண்ட தடைகளுக்கே ஜெனரேட்டர் உரியது. 2022 செப்டம்பரில் பெங்களூருவின் கிழக்குப் புறப் பகுதிகளில் வெள்ளம் புகுந்தபோது ஏற்பட்டதைப்போன்ற நாட்களைச் சொல்லுகிறேன். அப்போதுகூடப் பகலில் ஜெனரேட்டரை ஓட்டி ஃபிரிட்ஜைக் குளிர்வித்து, பேட்டரியை ஏற்றிக்கொண்டு, இரவைப் பேட்டரியில் கழிப்பதே உத்தமம்.

'58 டெசிபல்' என்பது என்ன?

விளம்பரத்தில் காணும் இந்த எண் பெரும்பாலும் 7 மீட்டர் தூரத்தில் அளந்தது. தூரம் பாதியானால் திறந்தவெளியில் 6 டெசிபல் கூடும். ஆக, மூன்றரை மீட்டரில் நிற்கும் அயலாருக்கு அது 64. எத்தனை மீட்டரில், எவ்வளவு சுமையில் அளந்தது என்று எழுதியிராத எண்ணை நம்பவேண்டாம். நம் நாட்டின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45. ஆகவே 'சத்தமில்லாத' இயந்திரமும் இரவில் அயலாரின் தூக்கத்தைக் கெடுக்கக்கூடியதே. வேற்று மாநிலத்தில் வாடகைக்கு வாழும் நாம் இதைச் சற்று அதிகமாகவே எண்ணிப் பார்க்கவேண்டும். தில்லியிலும் சுற்றுப்புற நகரங்களிலும் குளிர்காலத்தில் காற்று கெடும்போது ஜெனரேட்டர்களுக்குக் கட்டுப்பாடுகள் வருவதால், வாங்குமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வளைகுடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ உறவினர் ஒருவர் இயந்திரம் கொண்டுவருவதாகச் சொன்னால் முதலில் அதன் தகட்டைப் படிக்கச் சொல்லுங்கள். அமெரிக்க வகை 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். சவூதியிலும் 60 ஹெர்ட்ஸே. 'சைலன்ட்' என்று எழுதிய யாவும் இன்வெர்ட்டர் வகையல்ல. கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லி, சுமையில்லாதபோது சிக்கன சுவிட்சைப் போட்டால் எஞ்சினின் வேகம் இறங்குகிறதா என்று காதால் கேளுங்கள். இறங்காவிட்டால் அது பழைய இயந்திரம், புதிய சட்டையில்.

இணைக்கும் முறையில் ஒரு கொடிய பழக்கம் உண்டு. இருபுறமும் பிளக் உள்ள வயரால் ஜெனரேட்டரைச் சுவர் சாக்கெட்டில் செருகிவிடுகிறார்கள். அந்த மின்சாரம் மீட்டரைக் கடந்து தெருக்கம்பிக்குப் போகும். அங்கே கம்பத்தில் ஏறிப் பழுதுபார்க்கும் ஊழியர் அதற்குப் பலியாவார். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு சேஞ்ச்ஓவர் சுவிட்ச் பொருத்துங்கள். அதற்கு வீட்டுக்காரர் இசையாவிட்டால், எர்த்துள்ள மூன்று கம்பித் தடித்த வயரை மாடியிலிருந்து இறக்கி, ஃபிரிட்ஜையும் ஒரு மேசைவிசிறியையும் நேராக அதில் இணைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோலை வீட்டுக்குள் சேமிக்கவேண்டாம். சமையலறைக்கு அருகே வைக்கவே கூடாது. எஞ்சின் சூடாயிருக்கும்போது நிரப்பக்கூடாது. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இயந்திரம் அதற்கு ஏற்றதா என்று கையேட்டில் பாருங்கள். மாதம் ஒருமுறை கால்மணி நேரம் சுமையோடு ஓட்டுங்கள். மழைக்காலம் முடிந்து சில மாதங்களுக்குத் தேவைப்படாது என்று தெரிந்தால், தொட்டியையும் கார்புரேட்டரையும் வடித்துவிட்டு மூடிவையுங்கள்.