வார்டு ஆபீஸும் வெளிமாநிலத் தமிழரும்

பிழைப்பின் பொருட்டு மும்பைக்கு வந்து இருபது ஆண்டுகள் வாழ்ந்துவிட்ட தமிழரிடம், "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டால், அவர் திருநெல்வேலி என்பார், அல்லது தஞ்சாவூர் என்பார். அது மனித இயல்பு. அதில் குறை காண்பதற்கில்லை. ஆயினும், காலையில் அவர் வீட்டுக் குழாயில் வருவது தாமிரபரணி நீரும் அன்று, காவிரி நீரும் அன்று. தான்ஸா, வைதரணா, பாத்ஸா ஆகியவற்றின் நீர். அவர் வீட்டுக் குப்பையை அள்ளுவதும், தெருச் சாக்கடையைத் தூர் வாருவதும், கொசுவுக்கு மருந்து தெளிப்பதும் மும்பை மாநகராட்சியே. ஊர்ப் பற்று ஓரிடத்திலும் அன்றாட வாழ்வு வேறிடத்திலும் இருக்கின்ற இந்த நிலையில், குடியிருக்கும் ஊரின் நிர்வாகத்தோடு நாம் எவ்வாறு பழகவேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நகராட்சி என்பது தமிழருக்குப் புதிதன்று. இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சி 1688-இல் சென்னையில் அமைந்தது. மும்பை மாநகராட்சியோ, பல திருத்தங்கள் பெற்ற 1888-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடைபெறுகின்றது. அதன் எல்லை முதலில் தீவு நகரத்தோடு நின்றது. 1950-லும் 1957-லும் புறநகர்கள் இரு கட்டங்களாகச் சேர்க்கப்பட்டு, மேற்கே தஹிசர் வரையிலும் கிழக்கே முலுண்ட் வரையிலும் எல்லை விரிந்தது. இவ்வளவு பெரிய நகரத்தை ஒரே கட்டடத்திலிருந்து நிர்வகிக்க இயலாது. ஆகவே ஆங்கில எழுத்துக்களால் குறிக்கப்படும் வார்டுகளாக நகரம் பிரிக்கப்பட்டுள்ளது. மாட்டுங்காவும் சயனும் எப் வடக்கு வார்டைச் சேர்ந்தவை; தாராவி ஜி வடக்கைச் சேர்ந்தது; செம்பூர் எம் மேற்கைச் சேர்ந்தது. ஒவ்வொரு வார்டு ஆபீஸுக்கும் ஓர் உதவிக் கமிஷனர் தலைவராக இருக்கிறார். நம் தேவைகளுள் பெரும்பாலானவை அவருடைய ஆபீஸிலேயே தீரக்கூடியவை. தாணா, நவி மும்பை, டோம்பிவிலி ஆகிய இடங்களில் வாழ்வோர் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும்: அவை வேறு மாநகராட்சிகளுக்கு உட்பட்டவை. மின்சார ரயில் ஒன்றாயினும் நிர்வாகம் ஒன்றன்று.

அடுத்து, எந்தக் குறையை எவரிடம் சொல்வது என்ற கேள்வி எழுகிறது. குடிநீர், கழிவுநீர், குப்பை, தெருக்கள், பிறப்பு இறப்புப் பதிவு, சொத்து வரி, நகராட்சிப் பள்ளி, நகராட்சி மருத்துவமனை ஆகியவை மாநகராட்சியின் பொறுப்பு. ரேஷன் கார்டும் போலீஸும் மாநில அரசைச் சார்ந்தவை. தண்டவாளத்தை ஒட்டிய நிலம் ரயில்வேயின் ஆளுகையில் உள்ளது. தீவு நகரத்தில் மின்சாரம் வழங்கும் பெஸ்ட், மாநகராட்சியின் கிளை நிறுவனம். புறநகர்களிலோ மின்சாரம் வேறு நிறுவனங்களிடமிருந்து வருகின்றது. இந்த வேறுபாட்டை அறியாதவர் ஒரு ஜன்னலிலிருந்து மறு ஜன்னலுக்கு அனுப்பப்பட்டு, அரை நாள் சம்பளத்தை இழந்து, "நம்மை வெளியூரார் என்று அலைக்கழிக்கிறார்கள்" என்ற மனக்கசப்போடு திரும்புகிறார். பல சமயங்களில் அவர் சென்ற இடமே தவறாக இருந்திருக்கும்.

குறையைத் தெரிவிப்பதற்கும் ஒரு முறை உண்டு. 1916 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் கூறலாம். வார்டு ஆபீஸில் மனுவாகவும் கொடுக்கலாம். எவ்வாறு கொடுத்தாலும் புகார் எண்ணைப் பெறாமல் விடலாகாது. வாய்ச்சொல் காற்றோடு போகும். எண் பெற்ற புகாருக்கு எவரேனும் ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். மனு சுருக்கமாக இருத்தல் நலம். இடம், நாள், நேரம், குறை ஆகிய நான்கும் இருந்தால் போதும். அதன் நகலில் ஆபீஸ் முத்திரை பெற்று வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிடில், 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, பத்து ரூபாய் கட்டணம் செலுத்தி, "என் மனுவின்மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது?" என்று கேட்கலாம். முப்பது நாட்களுக்குள் விடை தரவேண்டும் என்பது சட்டம்.

குடிநீரை உதாரணமாகக் கொள்வோம். மும்பையின் பெரும் பகுதியில் நாள் முழுவதும் குழாயில் நீர் வருவதில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் குறித்த நேரத்தில் வால்வைத் திறந்து, பிறகு மூடிவிடுகிறார்கள். மூடிய நேரத்தில் குழாயினுள் அழுத்தம் குறைந்துவிடும். அப்போது குழாயில் எங்கேனும் விரிசல் இருந்து, அருகே சாக்கடையும் ஓடுமானால், வெளியே உள்ள அழுக்கு நீர் உள்ளே கசிந்துவிடும். மறுநாள் வால்வு திறந்ததும் முதலில் வரும் நீர் நாற்றமடிப்பது இதனாலேதான். ஆகவே, "தண்ணீர் சரியில்லை" என்று பொதுவாகக் கூறுவதைவிட, "காலை ஐந்தரை மணிக்கு வரும் நீர் முதல் பத்து நிமிடம் கலங்கி வருகிறது, எங்கள் சந்தில் ஆறு வீடுகளிலும் இப்படியே" என்று எழுதினால், எஞ்சினீயருக்கு விரிசலைத் தேடவேண்டிய இடம் புலனாகும். சரி செய்யும்வரை நீரைக் காய்ச்சியே பருகவேண்டும்.

குடிசைப் பகுதிகளில் வாழும் நம்மவர் பலர், "நம் வீட்டுக்குப் பட்டா இல்லை, நீர் கேட்க நமக்கு ஏது உரிமை?" என்று வாளா இருந்துவிடுகின்றனர். பானி ஹக் சமிதி தொடர்ந்த வழக்கில், 2014 டிசம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் தெளிவானதொரு தீர்ப்பை வழங்கியது. குடிநீர் உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதி. குடிசை அனுமதியற்றது என்ற காரணத்தால் மட்டும் ஒருவருக்குக் குடிநீரை முற்றிலும் மறுக்கலாகாது என்பதே அதன் சாரம். நிலத்தின் உரிமை வேறு, நீரின் உரிமை வேறு என்பதை இதனால் அறியலாம்.

இனி, நம் குடும்பங்களுக்கே உரிய ஒரு சிக்கலைக் காண்போம். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது நம் வழக்கம். குழந்தை மதுரையில் பிறக்கிறது. மூன்று மாதம் கழித்து மும்பைக்கு வருகிறது. பள்ளியில் சேர்க்கும்போது பிறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள். தந்தை மும்பை வார்டு ஆபீஸுக்கு ஓடுகிறார். அங்கே கிடைக்காது, ஏனெனில் பிறப்பு எங்கே நிகழ்ந்ததோ அங்கேயே பதிவாகும். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 நாட்களுக்குள் பிறப்பைத் தெரிவிக்கவேண்டும். ஓராண்டு கடந்துவிட்டாலோ மாஜிஸ்திரேட்டின் உத்தரவு தேவைப்படும். 2023-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதலியவற்றில் பிறந்த நாளையும் இடத்தையும் நிறுவுவது பிறப்புச் சான்றிதழ் ஒன்றே. எனவே ஊரிலிருந்து புறப்படுமுன்பே சான்றிதழைப் பெற்றுவிடுவது அறிவுடைமை. பெயர் வைக்கவில்லையே என்று காத்திருக்க வேண்டுவதில்லை. பெயரின்றியே பிறப்பைப் பதிவு செய்து, பின்னர்ப் பெயரைச் சேர்க்கலாம்.

பெயரிலும் ஒரு தொல்லை உண்டு. தமிழர் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன்னே இடுவர். மராட்டிய முறையிலோ தன் பெயர், தந்தை பெயர், 'ஆட்நாவ்' எனப்படும் குடும்பப் பெயர் என மூன்று கட்டங்கள் உள. மூன்றாவது கட்டத்தில் எழுத நம்மிடம் ஒன்றுமில்லை. ஒரு படிவத்தில் ஊர்ப் பெயரையும், மற்றொன்றில் தாத்தா பெயரையும் எழுதிவிடுகிறோம். பதினைந்து ஆண்டுகள் கழித்து, ஒரே பிள்ளை இரண்டு காகிதங்களில் இரண்டு ஆளாக நிற்கிறான். குழந்தை பிறந்த அன்றே பெயரின் வடிவத்தை முடிவு செய்து, எல்லாப் பதிவிலும் ஓர் எழுத்தும் மாறாமல் அதையே எழுதுவதுதான் இதற்குப் பரிகாரம்.

மொழியைப் பற்றிய அச்சமும் பலரைத் தடுக்கிறது. ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறைதீர்க்கும் மனு அளிக்க அரசியலமைப்பின் 350-ஆம் ஷரத்து உரிமை தருகிறது. தொடக்கப் பள்ளியில் தாய்மொழி வழியே கற்பிக்க வசதி செய்ய ஸ்தல ஸ்தாபனங்களும் முயலவேண்டும் என்று 1956-இல் சேர்க்கப்பட்ட 350-ஏ ஷரத்து கூறுகிறது. மும்பை மாநகராட்சி தமிழ் வழிப் பள்ளிகளையும் நடத்தி வருகிறது. உரிமை இவ்வாறிருப்பினும், மராட்டியில் எழுதிய மனு விரைவில் நகரும் என்பது நடைமுறை உண்மை. பக்கத்து வீட்டாரிடம் கேட்டு நான்கு வரி மராட்டியில் எழுதுவதால் தமிழுக்கு இழுக்கொன்றுமில்லை. அண்டை வீட்டாரோடு ஒரு நட்பும் ஏற்படும்.

இறுதியாக, வாக்கு. சட்டப்படி ஒருவர் பெயர் ஒரே இடத்து வாக்காளர் பட்டியலில்தான் இருக்கலாம். அது அவர் வழக்கமாக வசிக்கும் இடம். பலர் ஊர்ப் பட்டியலிலேயே பெயரை வைத்துக்கொண்டு, தேர்தலன்று ஊருக்கும் போகாமல், இங்கும் வாக்களிக்காமல் இருந்துவிடுகின்றனர். மும்பை மாமன்றத்தில் 227 இடங்கள் உள்ளன. தம் சந்தில் வாக்கில்லாத மக்களிடம் கவுன்சிலர் எதற்காக வரவேண்டும்? பெயரை இங்கே மாற்றிக்கொள்வதால் சொந்த ஊர் நம்மை மறந்துவிடாது. திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் அது நம்மை என்றும் அழைக்கும். ஆனால் நம் குழந்தைகள் குடிக்கும் நீர், நாம் கணக்கில் சேர்ந்திருக்கின்ற ஊரில்தான் தூய்மை பெறும்.