பாரி பைத்தியமா? கொடைமடம் கற்பிக்கும் பாடம்

"தேரைக் கொடிக்குக் குடுத்துட்டு பாரி எப்படி சார் வீட்டுக்குப் போனாரு? அவருக்கு என்ன பைத்தியமா?" கடையெழு வள்ளல்கள் பாடம் நடக்கும் வகுப்புகளில் இப்படி ஒரு கேள்வி எழுவது இயல்பு. வகுப்பே சிரிக்கும். "அவருடைய கொடைச் சிறப்பைக் காட்டச் சொன்னது" என்று நாமும் கடந்துவிடலாம். ஆனால், மேன்மைக்கும் பித்துக்கும் இடையே உள்ள மெல்லிய கோட்டைத் தொடும் கேள்வி அது. சங்கப் புலவர்களும் இதைப் பற்றி யோசித்திருக்கிறார்கள்.

மடம் என்னும் சொல்

மடம் என்றால் அறியாமை. பெறுபவர் யார், அவருக்கு அது பயன்படுமா என்று ஆராயாமல் வாரிக் கொடுப்பதற்குக் 'கொடைமடம்' என்று பெயர். புறநானூறு 142ஆம் பாடலில் பரணர் பேகனுக்கு இச்சொல்லைப் பயன்படுத்துகிறார். வற்றிய குளத்திலும் வயலிலும் பெய்யும் மழை உவர்நிலத்திலும் பெய்கிறது. பேகனின் கொடையும் அப்படித்தான் என்கிறார். போரில் மட்டும் அவனிடம் மடம் இல்லை என்றும் சொல்லிவிடுகிறார். அதாவது, பேகன் அறிவு குறைந்தவன் அல்லன். கொடுக்கும் இடத்தில் மட்டும் கணக்குப் பார்க்காதவன்.

முல்லைக்குத் தேர் தேவையில்லை. ஒரு கொம்பு போதும். மயிலுக்குப் போர்வை தேவையில்லை; தோகை இருக்கிறது. கணக்குப் பார்த்தால் இரண்டும் வீண். ஆனால் பற்றிக்கொள்ள ஏதுமின்றி ஆடும் கொடியின் தவிப்பைத் தன் தவிப்பாக உணர்ந்தவனைப் புலவர்கள் போற்றினார்கள்.

கோடு எங்கே விழுகிறது?

மயிலுக்கு இரங்கிய இதே பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்தான். அப்போது கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரும் அவனிடம் அவளுக்காகப் பேசினார்கள். புறநானூறு 143 முதல் 147 வரையுள்ள பாடல்கள் இவை. பரிசில் வேண்டாம், அவள் துயரைத் தீர்ப்பதே நீ எங்களுக்குத் தரும் பரிசில் என்னும் அளவுக்குப் போனார்கள்.

இதிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. ஒருவர் ஊரோடு ஒத்துப்போகிறாரா என்று மட்டும் பார்க்க வேண்டியதில்லை. அவர் செயலால் யார் துயர் தீர்ந்தது, யார் துயருற்றார் என்று பார்க்க வேண்டும். ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டெஸ் 1605இல் வெளியிட்ட 'டான் குயிக்சாட்' நாவலிலும் இதைக் காணலாம். தன்னை வீரனாகக் கருதிக்கொள்ளும் நாயகன், எசமானிடம் அடிபடும் சிறுவனைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துப் போய்விடுகிறான். அவன் தலை மறைந்ததும் சிறுவனுக்கு முன்னைவிட அதிக அடி விழுகிறது.

நம் மாவட்டத்தில் கபிலர்

பாரி மாண்டபின் அவன் மகளிரைப் பாதுகாப்பான இடத்தில் சேர்க்க அலைந்தவர் கபிலர். அவர் வடக்கிருந்து உயிர்நீத்த இடமாகத் திருக்கோவிலூரில் தென்பெண்ணை ஆற்றிலுள்ள கபிலர் குன்றைச் சொல்கிறோம். அவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலிலுள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டோ, அவர் தீப்புகுந்ததாகக் கூறுகிறது. நம் மாவட்ட மாணவர்கள் ஒரே நாளில் போய்ப் பார்த்துவரக்கூடிய இடம் இது.

அங்கே நின்று பேசும்போது கவனம் தேவை. நட்புக்காக உயிர்விட்டதை அந்தக் காலத்து மரபு என்று விளக்கலாம். பின்பற்றத்தக்க வீரமாகச் சொல்லக் கூடாது. நண்பனின் மகளிருக்காகக் கபிலர் பட்ட பாட்டையே மாணவர் மனத்தில் நிறுத்த வேண்டும்.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

1. பாரி, பேகன் ஆகியோரின் செயல்களை எழுதி, 'பயன் பெற்றவர்', 'துயருற்றவர்' என்று இரு பத்திகளில் மாணவர்களையே நிரப்பச் சொல்லலாம்.

2. 'அந்தக் கொடிக்கு நீ என்ன செய்திருப்பாய்?' என்று கேட்கலாம். அவரைக்கும் பீர்க்கைக்கும் பந்தல் போடுவதைப் பார்த்து வளரும் கல்வராயன் மலைப் பிள்ளைகள் இதற்கு நம்மைவிட நல்ல விடை சொல்லக்கூடும்.

3. 'பைத்தியம்', 'லூசு' என்ற சொற்களைப் பற்றி உரையாடலாம். சொ. விருத்தாசலம் 'புதுமைப்பித்தன்' என்று தாமே புனைபெயர் வைத்துக்கொண்டார். தாமே சூடிக்கொள்ளும் பெயர் வேறு. பிறர் நம்மீது எறியும் பெயர் வேறு. இந்த வேறுபாடு மாணவர்களுக்கு எளிதில் புரியும்.

ஆசிரியர் கவனத்திற்கு

ஓயாமல் வினா எழுப்பும் பிள்ளையும், தனியே அமர்ந்து படம் வரையும் பிள்ளையும் நோயாளிகள் அல்லர். அவர்களுக்கு வேண்டியது பற்றிப் படர ஒரு கொம்பு. ஆனால், நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று உண்ணாமல், உறங்காமல், யாருடனும் பேசாமல் ஒடுங்கிப்போனால், அதை 'மேதையின் குணம்' என்று ரசிக்கவும் கூடாது. 'கிறுக்கு' என்று ஒதுக்கவும் கூடாது. தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் பேசி, மனநல உதவிக்கு வழிசெய்ய வேண்டும். 'டெலி மானஸ்' இலவச உதவி எண் 14416ஐ வகுப்பறைச் சுவரில் எழுதிவைப்பது அதற்கு ஒரு நல்ல தொடக்கம்.