சூரிய மின்சாரம்: மானியம் அரசு தரும், நம்பிக்கையை யார் தருவது?

புது தில்லி:

வீடுகளின் மொட்டை மாடிகளில் சூரிய மின் தகடுகளைப் பொருத்தித் தரும் தொழில் நாடெங்கும் பெருகி வருகிறது. 1 கோடி வீடுகளை இலக்காகக் கொண்ட பிரதமரின் சூர்ய கர் இலவச மின்சாரத் திட்டத்துக்கு, 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் மத்திய அமைச்சரவை 2024 பிப்ரவரியில் ஒப்புதல் அளித்தது இதற்கு முக்கியக் காரணம். ஆனால், நிறுவனங்கள் பெருகிய அளவுக்கு அவற்றின் மீது மக்களின் நம்பிக்கை பெருகியுள்ளதா என்பதில்தான் திட்டத்தின் வெற்றி அடங்கியிருக்கிறது.

மேற்கூரைகளில் மட்டும் 2022-ஆம் ஆண்டுக்குள் 40,000 மெகாவாட் என்று 2015-இல் நிர்ணயிக்கப்பட்ட இலக்கில் உரிய காலத்தில் கால் பங்குகூட எட்டப்படவில்லை. எரிசக்தித் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவும் இந்த மந்தகதியைச் சுட்டிக்காட்டியது. இதையடுத்து 2022 ஜூலையில் தேசிய இணையதளம் தொடங்கப்பட்டு, நடைமுறை மாற்றப்பட்டது.

காத்திருப்பவர் மாறினார்

அதற்கு முன்பு மின் விநியோக நிறுவனங்கள் ஒப்பந்தப்புள்ளி கோரி விலையை நிர்ணயித்தன. மானியத்தைக் கழித்துக்கொண்டு மீதித் தொகையை வீட்டுக்காரர் செலுத்தினால் போதும். மானியத்துக்காகக் காத்திருக்க வேண்டியவர் நிறுவுநர். புதிய முறையில் வீட்டுக்காரரே நிறுவுநரைத் தேர்ந்தெடுத்து, விலை பேசி, முழுத் தொகைக்கும் பொறுப்பேற்கிறார். அமைப்பு இயங்கத் தொடங்கி, மின் நிறுவனம் ஆய்வு செய்து, நெட் மீட்டர் பொருத்தப்பட்ட பிறகே மானியம் அவரது வங்கிக் கணக்குக்கு வரும்.

2024-ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி 3 கிலோவாட் அமைப்புக்கு மானியம் 78,000 ரூபாய். மானியத்துக்கு அடிப்படையாகக் கொள்ளப்பட்ட விலை 1,45,000 ரூபாய். நிறுவுநர் வேலையைப் பாதியில் விட்டாலோ, ஆவணங்களைத் தாக்கல் செய்யாவிட்டாலோ மானியம் வராது. வங்கிக் கடன் வாங்கியிருந்தால் தவணை மட்டும் நிற்காது.

முத்திரையின் மதிப்பு

இதனால் பல நிறுவனங்கள் அரசின் பெயரையே விளம்பரமாக்கிக் கொள்கின்றன. தங்களை அமைச்சகத்தின் அங்கீகாரம் பெற்றவர்கள் என்று சில நிறுவனங்கள் கூறி வருவதாகவும், அப்படி எவருக்கும் அங்கீகாரம் அளிக்கப்படவில்லை என்றும் புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் முந்தைய திட்டத்தின்போதே எச்சரிக்க நேர்ந்தது.

பதிவு பெற்றிருப்பது தரச்சான்று ஆகிவிடாது. 2022 நடைமுறையில் பதிவுக்காகக் கோரப்பட்ட வங்கி உத்தரவாதம் 2.5 லட்சம் ரூபாய். மேற்கண்ட விலையில் பார்த்தால், இது 3 கிலோவாட் அமைப்புகள் இரண்டின் விலைக்குக்கூட ஈடாகாது. நூற்றுக்கணக்கான வீடுகளில் வேலை எடுக்கும் நிறுவனம் வாக்குத் தவறினால் இத்தொகை எத்தனை பேருக்கு எட்டும்?

மறைக்காமல் சொல்வதே விளம்பரம்

இத்தொழிலில் பொருளின் ஆயுள் நீண்டது. தகடுகளுக்கு வழக்கமாக 25 ஆண்டு உற்பத்தி உத்தரவாதம் தரப்படுகிறது. 5 ஆண்டுகள் பராமரிப்பது திட்டத்தின் கீழ் நிறுவுநரின் கடமை. எனவே வாடிக்கையாளர் வாங்குவது தகட்டை மட்டுமல்ல. அழைத்தால் ஆள் வருவார் என்ற உறுதியையும்தான்.

'இனி மின் கட்டணமே இல்லை' என்று துண்டுப் பிரசுரம் அச்சிடுவது எளிது. 3 கிலோவாட் அமைப்பு மாதத்துக்குச் சராசரியாக 300 யூனிட்டுக்கு மேல் உற்பத்தி செய்யும் என்பது அரசின் கணக்கு. அதற்கு நிழல் விழாத சுமார் 300 சதுர அடி இடம் வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் நிழலோ பக்கத்துக் கட்டடத்தின் நிழலோ விழுந்தால் உற்பத்தி குறையும். இதை முன்கூட்டியே சொல்லி, தேவைப்பட்டால் சிறிய அமைப்பே போதும் என்று கூறும் நிறுவனம் அன்றைய விற்பனையில் ஒரு பகுதியை இழக்கலாம். ஆனால் முதல் மாத ரசீதைப் பார்த்து அந்த வீட்டுக்காரர் ஏமாற மாட்டார்.

தகடு, இன்வெர்ட்டர், தாங்குசட்டம், கம்பி ஆகியவற்றின் விலையைத் தனித்தனியே எழுதித் தருவது, மானியத்துக்கு உரிய உள்நாட்டுத் தகடுகளே பொருத்தப்பட்டன என்பதை வரிசை எண்களுடன் காட்டுவது, வேலையின் கட்டங்களுக்கு ஏற்பப் பணம் பெறுவது, ஏற்கெனவே அமைத்த வீடுகளை நேரில் காட்டுவது ஆகியவையே சிறு நிறுவனம் பெயரெடுக்கும் வழிகள். கண்ணால் கண்டதை மக்கள் நம்புகிறார்கள். குஜராத்தின் மொதேராவில் 1,300-க்கும் மேற்பட்ட வீடுகளில் தகடுகள் அமைத்து, 2022 அக்டோபரில் அதை முழுநேர சூரிய மின்சார கிராமமாக அரசு அறிவித்ததும் இத்தகைய முன்மாதிரி முயற்சியே.

2025 மார்ச்சில் திட்டம் 10 லட்சம் வீடுகளை எட்டியதாக அரசு அறிவித்தது. எத்தனை வீடுகளில் தகடு பொருத்தப்பட்டது என்ற கணக்கு நாடாளுமன்றத்தில் தரப்படுகிறது. ஐந்தாம் ஆண்டிலும் எத்தனை அமைப்புகள் பழுதின்றி இயங்குகின்றன, எத்தனை புகார்கள் தீர்க்கப்பட்டன என்ற கணக்கையும் உறுப்பினர்கள் கேட்டுப் பெற வேண்டும். ஒரு வீட்டில் பழுதாகிக் கிடக்கும் தகடு அந்தத் தெருவையே தயங்க வைத்துவிடும். அதன் இழப்பு நேர்மையாகத் தொழில் செய்யும் நிறுவனங்களுக்கும், 1 கோடி வீடுகள் என்ற இலக்குக்கும்தான்.