சுனைநீரும் சிற்றுயிர்களும்

வில்பட்டி மலைச்சரிவில் படிப்படியாய் அமைந்த வயல்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகின்றன. மழைநீர் மண்ணில் இறங்கி, பாறை இடுக்குகளில் ஊறி, சுனையாகவும் கிணற்று நீராகவும் நமக்குக் கிட்டுகிறது. அந்நீர் தெளிந்து வருவதற்கு, நிலத்தடியில் வாழும் எண்ணற்ற நுண்ணுயிர்களும் துணை நிற்கின்றன. அழுகியவற்றைச் சிதைப்பது அவற்றின் தொழில். அவ்வூழியர்களின் கையில் நாம் நஞ்சைக் கொடுத்தால் என்ன நேரும்?

இதற்கு விடை அண்டையிலுள்ள கொடைக்கானலிலேயே உண்டு. அங்கே 1983-இல் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று நிறுவப்பட்டது. பின்னாளில் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வசமாயிற்று. பாதரசம் படிந்த கண்ணாடிச் சில்லுகள் பழம்பொருள் கிடங்கில் குவிந்து கிடந்தது 2001 மார்ச்சில் வெளிப்படவே, ஆலை மூடப்பட்டது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் கழிவு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. ஆனால், மண்ணில் சிந்தியதை மூட்டை கட்டி அனுப்ப இயலுமோ?

பாதரசம் நுண்ணுயிர்கள் பலவற்றைக் கொல்லும். அதைத் தாங்கிப் பிழைப்பவற்றுள் ஒருவகை, பாதரச உப்பை ஆவியாகக்கூடிய உலோகப் பாதரசமாக மாற்றிக் காற்றில் விட்டுவிடுகிறது. நஞ்சு இடம் மாறுகிறதேயன்றி அழிவதில்லை. காற்றோட்டமற்ற சேற்றில் வாழும் வேறொரு வகையோ, அதனைக் கொடிய மெதில் பாதரசமாக மாற்றிவிடுகிறது. இது மீனின் உடலில் சேர்ந்து, அதை உண்ணும் தாயின் வழியே கருவிலிருக்கும் குழந்தையின் மூளையையும் தாக்கும். ஜப்பானில் மினமாட்டா ஊராரை மெதில் பாதரசத்தால் பீடித்த நோய் 1956-இல் கண்டறியப்பட்டது.

கொடைக்கானல் ஏரியை ஆராய்ந்த ஐதராபாத் அறிவியலார் 2006-இல் தம் முடிவை வெளியிட்டனர். ஏரிச் சேற்றிலிருந்த பாதரசத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பங்கு மெதில் பாதரசமாய் இருந்தது.

ஆலையை மட்டும் குறைகூறி நாம் ஒதுங்கிவிடலாகாது. வயலில் அளவுக்கு மிஞ்சி இடும் யூரியாவையும் மண்ணின் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அது மழையோடு சுனையில் இறங்கினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. ஆகவே உரத்தை அளவறிந்து இடுங்கள். பூச்சிமருந்துப் புட்டிகளை ஓடையில் கழுவாதீர்கள். வீட்டில் வெப்பமானி உடைந்தால் துடைப்பத்தால் பெருக்காமல், சன்னல்களைத் திறந்துவைத்து, பாதரசத் துளிகளைத் தடித்த தாளால் திரட்டி, மூடியுள்ள புட்டியில் அடைத்து வையுங்கள். சாக்கடையில் கொட்டவே கூடாது.

மண்ணுக்கடியில் உழைக்கும் அச்சிற்றுயிர்கள் நன்மை தீமை அறியா. நாம் கொடுப்பதையே மாற்றித் தருகின்றன. எதைக் கொடுப்பது என்பதை அறிய வேண்டியவர்கள் நாமே.