டெக்ஸ்ச்சர் சுவர் ஆசையா? பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன் இதைப் படிங்க!

டிவிக்குப் பின்னால் அலை அலையாக ஒரு 3டி சுவர். ரீல்ஸில் பார்த்ததும் 'நம்ம வீட்டுலயும் பண்ணலாமே' என்று தோன்றுகிறதா? தாராளமா பண்ணலாம். ஆனால், ஒரு விஷயம். சாதாரணச் சுவரில் கலர் பிடிக்கலைன்னா மேலேயே இன்னொரு கோட் அடித்துவிடலாம். டெக்ஸ்ச்சர் பிடிக்கலைன்னா தேய்த்தெடுத்து, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, முதலிலிருந்து ஆரம்பிக்கணும். செலவு ரெண்டு மடங்கு. அதனால், கலர் கார்டைப் புரட்டும் முன் சுவரைக் கவனிங்க.

வெளிச்சம் எங்கிருந்து வருது?

3டி சுவரின் அழகு நிழலில்தான் இருக்கிறது. பக்கவாட்டு ஜன்னலிலிருந்தோ, மேலே சுவரை ஒட்டிய விளக்கிலிருந்தோ வெளிச்சம் விழுந்தால் மேடு பள்ளம் எடுப்பாகத் தெரியும். நேர் எதிரே லைட் இருந்தால் எல்லாம் தட்டையாகிவிடும். பளபளப்பான பெயின்ட், சின்னக் குறையையும் காட்டிக்கொடுக்கும். மேட் ஃபினிஷ் பாதுகாப்பான சாய்ஸ். ரொம்ப அடர்த்தியான கலர் நிழலை விழுங்கிவிடும் என்பதால், நடுத்தர ஷேடுகளே பெஸ்ட்.

ஓதம் இருக்கா?

ஓரடிச் சதுர பாலித்தீன் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் போட்டு, சுவரில் ஒட்டி 2 நாள் விடுங்க. ஷீட்டின் உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் சுவரில் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். கசிவைச் சரி செய்யாமல் மேலே எது பூசினாலும் உப்பி உதிரும். புதுப்பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் காயவிட்டு, பிறகு இந்தச் சோதனையைச் செய்யுங்க.

எப்படி அடிக்கணும்?

பள்ளங்களில் உள்ள தூசியை பிரஷ்ஷால் தட்டிவிட்டு, பிரைமர் அடிங்க. முதலில் பிரஷ்ஷால் பள்ளங்களை நிரப்பி, பிறகு நீளமான முடி உள்ள ரோலரால் மேடுகளை உருட்டுங்க. ஒரே தடிமனான கோட் வேண்டாம். பள்ளத்தில் பெயின்ட் தேங்கி, டிசைனே மழுங்கிடும். மெல்லிய 2 கோட் போதும்.

ரெண்டு கலர் எஃபெக்ட் வேணுமா? அடிக் கலர் நன்றாகக் காய்ந்ததும், ரோலரில் உள்ள பெயின்ட்டை வழித்துவிட்டு, வெளிர் ஷேடை மேடுகளில் மட்டும் லேசாகத் தடவுங்க. பள்ளம் அடர்த்தியாகவே நிற்கும்.

பி.வி.சி. பேனல் ஒட்டியிருந்தால், வழவழப்பில் பெயின்ட் பிடிக்காது. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பிளாஸ்டிக்குக்கான பிரைமர் அடிப்பது கட்டாயம்.

எங்கே வேண்டாம்?

அடுப்புக்குப் பின்னால் வேண்டவே வேண்டாம். பள்ளங்களில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் துடைத்து மாளாது. அதேபோல, நாலு சுவரும் டெக்ஸ்ச்சர் என்றால் ரூம் சின்னதாகத் தெரியும். ஒரு சுவர் போதும்.

இன்னும் குழப்பமா? 2 அடி பிளைவுட் துண்டில் அதே டெக்ஸ்ச்சரை அடித்து, சுவரில் சாய்த்து வைத்து, காலையிலும் ராத்திரியிலும் பாருங்க. ஒரு வாரம் கழித்தும் பிடிச்சிருந்தா, பெயின்ட்டருக்கு போன் போடலாம். வாடகை வீடா? அந்த பிளைவுட்டையே மாட்டிவிடுங்க. வீடு மாறும்போது கூடவே வரும், அட்வான்ஸிலும் கை வைக்க மாட்டாங்க!