இளவரசர் வரைந்த விளக்கும் விருத்தாசலத்து பீஸ் கட்டையும்

குண்டு பல்புக்குப் பீங்கானில் அடிக்கட்டை வரைந்து கொடுத்தவர் சுவீடன் நாட்டு இளவரசர் என்றால் நம்புவீர்களா? சத்தியமாக! பெயர் சிக்வார்ட் பெர்னடோட். 1934-இல் அரச குடும்பத்துக்கு வெளியே காதல் கல்யாணம் செய்துகொண்டார். இளவரசர் பட்டம் போனது. மனுஷர் அசரவே இல்லை. கிண்ணம், கால்குலேட்டர், டைப்ரைட்டர் என்று வடிவமைத்துத் தள்ளினார். இஃபோ என்ற கம்பெனிக்காக அவர் வரைந்த விளக்கில் வெள்ளைப் பீங்கான் அடி, அதன்மேல் கண்ணாடிக் கூடு, அவ்வளவுதான். பழைய ஸ்காண்டிநேவிய சாமான்களுக்காக அலைகிற கூட்டம் இதைக் கண்டால் உருகிப்போகிறது.

அந்த விளக்கின் படத்தைப் பார்த்ததும் என் வாயில் வந்தது, "அட, நம்ம பீஸ் கட்டை!" மீட்டர் பெட்டிக்குள் வரிசையாக உட்கார்ந்திருக்குமே, அதே வெள்ளை, அதே வழவழப்பு, அதே கனம். அந்தக் கட்டைகளுக்குப் பேர்போன ஊர் கடலூர் மாவட்டத்து விருத்தாசலம். வருகிறவர்கள் விருத்தகிரீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு ஜங்ஷனில் ரயில் ஏறிவிடுகிறார்கள். செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் யார் போகிறார்கள்? நாம் போவோம், வாங்க!

முதலில் மண். பக்கத்திலேயே நெய்வேலி. அங்கே 1956-இல் தொடங்கிய நிறுவனம் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டியபோது, நிலக்கரிக்கு மேலே கிடந்த வெள்ளைக் களிமண்ணும் வெளியே வந்தது. இஃபோவின் கதையும் இதேதான் என்பது எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்: தெற்கு சுவீடனில், இவோ தீவின் கயோலின் மண்ணை வெட்டியெடுத்து வளர்ந்த கம்பெனி அது.

களிமண்ணோடு ஃபெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் அரைத்துச் சேர்க்கிறார்கள். குழைத்து, பிழிந்து, உலர்த்தி, திரும்பவும் பொடித்து, லேசாக ஈரமும் எண்ணெயும் காட்டினால் புட்டு மாவு பதம். பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். இந்த மாவை இரும்பு அச்சில் கொட்டி, கைப்பிரஸ்ஸின் தண்டை ஒரு சுழற்று சுழற்றினால், டொக்! ஓட்டை, பள்ளம், மேடு எல்லாவற்றோடும் ஒரு கட்டை எழும்பி வருகிறது. தொட்டுப் பார்க்க ஆசையாக இருக்கும். தொடாதீர்கள், இந்த நிலையில் நகம் பட்டாலே விளிம்பு போய்விடும். பிசிறை வழித்து, காயவைத்து, பால் மாதிரி இருக்கிற கிளேஸில் முக்கி எடுக்கிறார்கள். அடிப்பக்கத்தில் மட்டும் கிளேஸ் இருக்கக் கூடாது. சூளையில் உருகித் தட்டோடு ஒட்டிக்கொண்டால் உடைத்துத்தான் எடுக்கணும்.

சூளைக்குள் 1,200 டிகிரி செல்சியஸுக்கும் மேல். ஃபெல்ஸ்பார் கண்ணாடியாக உருகி, மண்ணுக்குள் இருக்கிற நுண்துளைகளை அடைக்கிறது. அதனால்தான் பீங்கான் தண்ணீர் குடிப்பதில்லை, மின்சாரத்தையும் விடுவதில்லை. வெந்த கட்டை, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கியே வெளியே வரும். அந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் அச்சே வெட்டுகிறார்கள்.

ஒரு கட்டையைக் கையில் வாங்கித் திருப்பிப் பாருங்கள். விரல் பிடிக்க இரண்டு பக்கமும் குழிவு. பீஸ் கம்பி படுக்க ஒரு வாய்க்கால். கம்பி உருகும்போது தெறிக்கும் பொறி வெளியே பாயாதபடி பீங்கான் மறைப்பு. அடியில் கிளேஸ் இல்லாத சொரசொரப்பு. பூ இல்லை, கொடி இல்லை, காரணமில்லாத கோடு ஒன்றுகூட இல்லை!

இந்தக் குணத்துக்குத்தான் உலகம் டென்மார்க்கைக் கொண்டாடுகிறது. சின்ன வயதில் எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் வளர்ந்த பால் ஹென்னிங்சன், மின்சார பல்பு கண்ணைக் கூசவைப்பது பொறுக்காமல் ஆயுள் முழுக்க விளக்கு வரைந்தவர். 1958-இல் வந்த அவருடைய பிஹெச் 5 விளக்கில் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் பல்பு தெரியாது. பெயரில் உள்ள 5, அதன் 50 சென்டிமீட்டர் அகலத்தைக் குறிக்கிறது. ஹான்ஸ் வெக்னர் 1949-இல் வடிவமைத்த விஷ்போன் நாற்காலியில் சாய்மானத்தை ஒரு ஒய் வடிவக் கட்டை தாங்குகிறது, அலங்காரமும் அதுவேதான். அழகாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விலை! ஸ்காண்டிநேவிய ஆசை விடவில்லை என்றால், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளின் சுவீடன் எனாமல் பாத்திரங்கள் வாங்கலாம். நமக்கு அது கட்டுப்படியாகும்.

வீடுகளில் தானாக அணையும் எம்சிபி சுவிட்ச் வந்தபின் பீஸ் கட்டைக்கு மவுசு குறைந்தது உண்மை. விருத்தாசலம் இன்சுலேட்டர், பொம்மை, கார்த்திகைக்கு அகல் விளக்கு என்று வேறு வேலைகளையும் கையில் வைத்திருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பத்துக்கே ஒரு அரசுக் கல்லூரியும் இங்கே இருக்கிறது. மண், சூளை, கைத்திறன் மூன்றும் உள்ள ஊருக்கு இல்லாதது ஒன்றுதான்: வீட்டு விளக்குக்கு ஒரு நல்ல வரைபடம்.

ஆர்க்கிடெக்ட்டுகளே, இன்டீரியர் டிசைனர்களே! அடுத்த வீட்டுக்குப் பீங்கான் ஹோல்டர் வேண்டுமென்றால் சுவீடனுக்கு ஆர்டர் போடுமுன் ஒருமுறை விருத்தாசலம் போய்ப் பேசிப் பாருங்கள். வரைபடத்தில் பத்தில் ஒரு பங்கு சுருக்கத்துக்கு இடம் விட மறந்துவிடாதீர்கள்.